இலை மஞ்சளானதும் உரத்த எடுக்காதீங்க: தொட்டிச் செடியில எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசியில பாக்கணும்

வாரத்துக்கு ரெண்டு பேராவது ஒரு இலையப் பறிச்சு உள்ளங்கையில வச்சு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க, "அக்கா இது என்னன்னு பாருங்க, என்ன உரம் போடட்டும்"னு. அந்த ஒத்த இலைய வச்சு யாராலயும் ஒன்னும் சொல்ல முடியாதுங்க. மஞ்சள்ங்கறது காய்ச்சல் மாதிரி. சளிக்கும் காய்ச்சல் வரும், டெங்கிக்கும் வரும். செடிக்குத் தண்ணி கூடுனாலும் மஞ்சள், கொறஞ்சாலும் மஞ்சள், பூச்சி உறிஞ்சினாலும் மஞ்சள், சத்து இல்லன்னாலும் மஞ்சள்.

சிங்கப்பூர்ல, ஈசூன்ல எங்க அடுக்குமாடி புளோக் காரிடார்லயும் கீழ இருக்கற சமூகத் தோட்டத்துலயும் புதுசா செடி வளக்கறவங்களோட நின்னு பாத்துருக்கேன். பெரும்பாலும் அவங்க தடுக்கி விழறது வரிசையிலதான். கடைசியா வர வேண்டிய உரம் முதல் நாளே தொட்டிக்குள்ள போயிடுது, அதுக்கப்புறம் எது பழைய கோளாறு, எது உரத்தால வந்த கோளாறுன்னு பிரிச்சுச் சொல்லவே முடியாது. அதனால கீழ இருக்கறத அதே வரிசையில செஞ்சு பாருங்க, நடுவுல எதையும் தாண்டாதீங்க.

1. ஆரம்பிக்கும் முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

ஒரு வெள்ளைத் தாள், நீளமான சாத்தே குச்சி (கறி கோத்துச் சுடற மூங்கில் குச்சி) ஒன்னு, பழைய நியூஸ்பேப்பர், கத்தரிக்கோல், அதைத் துடைக்க கொஞ்சம் ஸ்பிரிட், உங்க போன். பத்து மடங்கு பெருசா காட்டுற சின்ன லென்ஸ் இருந்தா ரொம்ப நல்லது, ஆன்லைன்ல சில வெள்ளிக்கே கிடைக்குது. இல்லன்னா போன் கேமராவ ஜூம் பண்ணிக்கலாம். அரளி, அடீனியம், டைஃபன்பாக்கியா மாதிரி செடின்னா கையுறையும் வேணும், அதுங்க பால் தோல்ல பட்டா அரிக்கும், கண்ணுல பட்டா இன்னும் மோசம்.

பாக்கற நேரம் காலையில, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ப் பாத்தா நல்லா இருக்கற செம்பருத்தி கூட தலை தொங்கிப் போயிருக்கும், சாயங்காலம் அதுவே நிமிந்துக்கும். அதைப் பாத்து பயந்து தண்ணிய ஊத்திடுவீங்க. காலையிலயும் தொங்கிக்கிட்டு இருந்தாத்தான் அது கவலைப்பட வேண்டிய வாட்டம்.

இன்னொன்னு, முழுசா பாத்து முடிக்கற வரைக்கும் உரம், மருந்து, தொட்டி மாத்தறது, கிளை வெட்டறது எதுவும் வேணாம். மஞ்சளான இலையப் பறிச்சுப் போடவும் வேணாம், ஏன்னா அதுதான் நமக்குச் சாட்சி. முதல்ல செடிய முழுசா ஒரு போட்டோ, அப்புறம் மேல இருந்து ஒன்னு, பாதிச்ச இலையோட முன்பக்கம், பின்பக்கம் ஒவ்வொன்னு எடுத்து வச்சுக்குங்க. ரெண்டு வாரம் கழிச்சு "அப்ப இவ்வளவு இருந்துச்சா"ன்னு நம்ம ஞாபகத்த நம்ப முடியாது.

2. இது கோளாறுதானான்னு பாருங்க

செடியோட அடியில ஒன்னு ரெண்டு இலை மெதுவா முழுசா மஞ்சளாகி உதிந்தா அது வயசு, அவ்வளவுதான். புதுத் துளிர் செவப்பா, செம்பு நிறத்துல வர்ற செடிங்க நிறைய இருக்கு, அது நோய் கிடையாது, இலை முத்துனா பச்சையாயிடும். குரோட்டன்ஸ் வாங்கிட்டு வந்து "நிறம் மாறிடுச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க, அதுக்கு வெளிச்சம் கூடக் குறைய நிறம் மாறத்தான் செய்யும்.

நர்சரியில இருந்து வந்து ரெண்டு மூனு வாரத்துக்குள்ள இலை கொட்டுனா பெரும்பாலும் இடம் மாறுன அதிர்ச்சி. அங்க வலைக்கு அடியில, ஈரக் காத்துல, வேளா வேளைக்குத் தண்ணி குடிச்சு வளந்த செடி நம்ம பத்தாவது மாடிக் காத்துக்குப் பழகணும்ல. துளிர் வந்துக்கிட்டே இருந்தா விட்டுடுங்க.

3. எந்த இலை? இதுதான் முக்கியமான கேள்வி

நிறத்தப் பாக்கறதுக்கு முன்னாடி இடத்தப் பாருங்க. செடிக்கு நேரா நின்னு, மாற்றம் அடி இலையில இருக்கா, நுனித் துளிர்ல இருக்கா, எல்லாத்துலயும் பரவி இருக்கா, ஒரு பக்கம் மட்டும் இருக்கான்னு நோட்டுல எழுதுங்க. எழுதணும், மனசுல வச்சுக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். வீட்டுல சோறு பத்தலன்னா பெரியவங்க தன் தட்டுல இருந்து எடுத்துப் பிள்ளைக்குப் போடுவாங்க இல்லையா, செடியும் அதையேதான் செய்யுது. தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), மக்னீசியம் இதெல்லாம் ஒரு இலையில இருந்து இன்னொரு இலைக்கு நகரக் கூடியது. தட்டுப்பாடு வந்தா கிழட்டு இலையில இருந்து உருவி துளிருக்கு அனுப்பிடும், அதனால அடி இலைதான் முதல்ல வெளுக்கும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச் சத்து அப்படி இல்ல. ஒரு இலையில போய் உக்காந்துட்டா திரும்ப வராது. அது தட்டுப்பட்டா அடி இலை பச்சைப்பசேல்னு இருக்கும், துளிர் மட்டும் வெளுத்து வரும்.

ஒரே பக்கம்னா வெயில், அனல் காத்து, எதாவது தெறிச்சது இந்த மாதிரி வெளிக் காரணம். வரிசையா இருக்கற வேற வேற சாதிச் செடிங்க எல்லாத்துலயும் ஒரே நாள்ல ஒரே மாதிரி வந்தாலும் அப்படித்தான், நோய் வந்தா இப்படி எல்லாச் செடியிலயும் ஒரே நாள்ல வராது. அங்கங்க திட்டுத் திட்டா, ஒரு ஒழுங்கு இல்லாம இருந்தா பூச்சியோ நோயோ. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சாலே தேட வேண்டியது பாதியாக் கொறஞ்சிடும்.

4. மண்ணுல சாத்தே குச்சி

மேல் மண்ணத் தொட்டுப் பாத்து "காஞ்சிருக்கு"ன்னு தண்ணி ஊத்தறதுதான் நான் அதிகமா பாக்கற தப்பு. இந்த ஊரு வெயிலுக்கு மேல ஒரு விரக்கடை எப்பவும் காஞ்சுதான் கிடக்கும், அடியில சேறா இருக்கும். சாத்தே குச்சிய தொட்டி ஓரத்துக்கும் தண்டுக்கும் நடுவுல அடி வரைக்கும் இறக்கி, அஞ்சு நிமிஷம் விட்டு உருவிப் பாருங்க. கேக் வெந்துச்சான்னு பாக்கற மாதிரிதான். குச்சி கறுத்து ஈரமா மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா இன்னைக்குத் தண்ணி வேணாம். குச்சிய மோந்தும் பாருங்க. மழை பேஞ்ச மண் வாசனை வந்தா சரி, சாக்கடை வாடை, புளிச்ச வாடை வந்தா வேர் அழுகிக்கிட்டு இருக்கு.

மண் ஈரமா இருந்தும் இலை தொங்கி, தொட்டா மெத்துன்னு மஞ்சளா இருந்தா தண்ணி கூடிப் போச்சு. வேருக்கும் காத்து வேணும், சேத்துல அது மூச்சு முட்டி அழுகிடும், அழுகுன வேரால தண்ணி இழுக்க முடியாது, அதனால தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு செடி தாகத்துல வாடும். இதைப் புரிஞ்சுக்காம வாடுதுன்னு இன்னும் ஒரு குவளை ஊத்துறாங்க பாருங்க, அங்கதான் நிறைய செடி போயிடுது.

நர்சரியில மூட்டையில விக்கிற செவப்பு சுட்ட மண்ண மட்டும் ரொப்பி நட்டவங்களுக்கு இது கண்டிப்பா வரும். ஆறு மாசத்துல அது இட்லித்தட்டு மாதிரி இறுகிடும். அதுல பாதிக்குப் பாதி பெர்லைட்டோ பியூமிஸோ (லேசான நுரைக்கல் குருணை), கூட கொஞ்சம் கம்போஸ்ட்டோ கலக்கணும். டிசம்பர், ஜனவரி மழையில திறந்த பால்கனி, தோட்டம்னு வெளிய வச்ச தொட்டிங்க நாள் கணக்குல காயவே காயாது, அந்த நேரத்துல தட்ட எடுத்துடுங்க, தொட்டிய ரெண்டு செங்கல் மேல தூக்கி வைங்க. தட்டுல நிக்கிற தண்ணி செடிக்கும் கெடுதல், கொசுவுக்கு வீடு. இறுகிப் போன மண்ணு மேல தேங்குற தண்ணியில கூட டெங்கி பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போடும், அதுக்கு அபராதமும் உண்டு, அதனால குச்சியாலயே மேல் மண்ணக் கிளறி விட்டுடுங்க.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு. தேங்கா நார், பீட் கலந்த மண்ணு ஒரு தடவ சுத்தமா காஞ்சா தண்ணியவே ஒட்ட விடாது. மண்ணு சுருங்கி தொட்டி ஓரத்துல ஒரு இடுக்கு விழுந்துடும், நாம ஊத்தற தண்ணி அந்த இடுக்கு வழியா ஓடி அடியில வந்துடும், நாமளும் "நல்லா ஊத்திட்டேன், கீழ வரைக்கும் வந்துடுச்சு"ன்னு நெனச்சுக்குவோம், நடுவுல வேர் பொடியா காஞ்சு கிடக்கும். குச்சி சுத்தமா வெளிய வரும், தொட்டியத் தூக்குனா காத்து மாதிரி இருக்கும். இலை மொறுமொறுன்னு ஓரத்துல இருந்து பழுப்பாகும். வாளியில தண்ணி ரொப்பி தொட்டிய அரை மணி நேரம் முக்கி வைங்க, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும்.

5. சந்தேகம் தீரலன்னா வேரைப் பாருங்க

நியூஸ்பேப்பர விரிச்சு, தண்டோட அடியில கை வச்சுக்கிட்டு தொட்டியக் கவுத்துத் தட்டுனா மண் கட்டியோட வெளிய வரும். தண்டப் புடிச்சு இழுக்காதீங்க, நல்ல வேரும் அறுந்துடும்.

வெள்ளையாவோ வெளிர் பழுப்பாவோ, நிமிண்டுனா கெட்டியா இருந்தா நல்ல வேர். கறுத்து, கொழகொழன்னு, இழுத்தா தோல் மட்டும் கையோட வந்து உள்ள நூல் மாதிரி நின்னா அழுகல். அழுகுனத ஸ்பிரிட் துடைச்ச கத்தரிக்கோலால வெட்டிட்டு, புது மண்ணுல, மிச்சம் இருக்கற வேருக்குத் தகுந்த சின்னத் தொட்டியில நட்டு, ரெண்டு வாரம் நிழல்ல வைங்க. பெரிய தொட்டி வேணவே வேணாம், கொஞ்சூண்டு வேரால அத்தனை மண்ணோட ஈரத்தையும் இழுக்க முடியாது, மறுபடி அழுகும்.

மண்ணே தெரியாம வேர் மட்டும் சுத்திச் சுத்திச் சுருண்டு கிடந்தா தொட்டி பத்தல. அப்ப ஒரு அளவு பெருசு, அதாவது ரெண்டு மூனு விரக்கடை அகலம் கூடுனது போதும்.

6. இலையத் திருப்புங்க

மண்ணும் வேரும் சரியா இருந்தா அடுத்தது இலையோட பின்பக்கம். இங்க நிதானமா பாருங்க, எல்லாரும் அவசரப்படுற இடம் இதுதான்.

போன மார்ச்சுல எங்க மாடியில கடைசி வீட்டு அக்கா செம்பருத்தி வெளுத்துப் போய் நின்னுச்சு. மூனு வாரமா உரம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இலைய முன்பக்கம் பாத்தா ஊசியால ஆயிரம் குத்து குத்துன மாதிரி பொடிப் பொடியா வெள்ளைப் புள்ளி, தூரத்துல இருந்து பாத்தா வெறும் மஞ்சள்னுதான் தெரியும். வெள்ளைத் தாள அடியில புடிச்சுக்கிட்டு கிளைய நாலு தட்டு தட்டினேன். தூசு மாதிரி விழுந்துச்சு. "தூசிதான் இது"ன்னாங்க அக்கா. ஒரு நிமிஷம் பொறுங்கன்னு சொல்லி தாள அசைக்காம வச்சிருந்தோம், அந்தத் தூசு ஒவ்வொன்னா நடக்க ஆரம்பிச்சுச்சு. விரலால தேச்சா தாள்ல செம்பழுப்பா ஒரு கோடு. செஞ்சிலந்தி. லென்ஸ் வச்சுப் பாத்தப்ப நடு நரம்பு ஓரத்துல முட்டை கண்ணாடி மணி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்த அக்கா கைய எடுத்துக்கிட்டு "இதுக்கா நான் சோறு போட்டேன்"னாங்க.

காரிடார்ச் செடிக்கு இது ஏன் அடிக்கடி வருதுன்னா, மேல கூரை இருக்கறதால மழை இலையக் கழுவறதே இல்ல. மழையில நனையற செடியில செஞ்சிலந்தி அவ்வளவா தங்காது, காஞ்ச சூடான இடம்தான் அதுக்குப் புடிக்கும். மழை கொறஞ்ச பிப்ரவரி, மார்ச்சுல கட்டாயம் பாத்துடுங்க. தொட்டிய குளியலறைக்குத் தூக்கிட்டுப் போய், மண்ண பிளாஸ்டிக் பையால மூடி, ஷவர வச்சு இலையோட அடிப்பக்கத்த நல்லா அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், அது கலங்க சில சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, சாயங்காலத்துல அடிங்க. வெயில்ல அடிச்சா எண்ணெய் பட்ட இலை வெந்துடும். முட்டை மிஞ்சி நிக்கும்ங்கறதால அஞ்சு ஆறு நாளைக்கு ஒரு தடவன்னு மூனு தடவையாவது செய்யணும், ஒரே தடவையோட விட்டவங்க எல்லாரும் திரும்ப வந்து கேட்டாங்க. பூச்சி மருந்துன்னு பொதுவா விக்கிறது நிறைய இதுக்கு வேலை செய்யாது. இது பூச்சி இனமே இல்ல, எட்டுக் காலு. அந்த மருந்து இதைத் தின்னுற நல்ல பூச்சியக் கொன்னுட்டா இன்னும் பெருகும்.

மத்ததெல்லாம் கண்ணுக்கே தெரியும். கணுவுல பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, ஸ்பிரிட்ல நனச்ச பஞ்சால துடைச்சு எடுங்க. தண்டுல பழுப்புப் பொருக்கு மாதிரி, நகத்தால நெம்புனா பெயர்ந்து வந்தா செதில் பூச்சி. தட்டுனா வெள்ளையா பறந்தா வெள்ளை ஈ. இலை வெள்ளி பூசுன மாதிரி மினுங்கி, கறுப்புப் புள்ளியா எச்சம் இருந்தா இலைப்பேன்.

இலை மேல கரி பூசுன மாதிரி கறுப்பா இருக்கா? ஈரத் துணியால துடைங்க. துடைச்சா போச்சுன்னா அது கரும்பூசணம், இலைக்குள்ள போகல, மேல இருக்கற பூச்சி கழிக்கிற சக்கரைத் தண்ணியில வளருது. அதனால கறுப்ப விட்டுட்டு அதுக்கு மேல இருக்கற இலையோட அடியப் பாருங்க, குற்றவாளி அங்க உக்காந்திருக்கும். செடியில எறும்பு சாரை போனாலும் அதே அர்த்தம்தான், எறும்பு அந்த இனிப்புக்குத்தான் வருது.

7. செடி நிக்கிற இடம்

நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துலயே இருக்கறதால வருஷத்துல பாதி நாள் சூரியன் வடக்குப் பக்கமா போகும், பாதி நாள் தெற்குப் பக்கமா போகும். வடக்குப் பாத்த காரிடாருக்கு ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் நேர் வெயில் வரும், வருஷக் கடைசியில சுத்தமா வராது. தெற்குப் பாத்ததுக்கு இது அப்படியே தலைகீழ். "அதே இடத்துலதான் வச்சிருக்கேன், ஒன்னுமே மாத்தல"ன்னு சொல்றவங்க செடிக்கு வெயில்தான் மாறியிருக்கும், அவங்க மாத்தல.

வெயில் பொசுக்குனது வெளிய பாத்த பக்கம் மட்டும், வெள்ளையாவோ வைக்கோல் நிறத்துலயோ காகிதம் மாதிரி காஞ்ச திட்டா இருக்கும். ஒரு இலை மேல இன்னொரு இலை மறைச்ச இடத்துல மட்டும் பச்சை நிக்கும், இதைப் பாத்தா சந்தேகமே வேணாம். நிழல்ல இருந்த செடிய வெயிலுக்கு மாத்தணும்னா காலை வெயில் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல பழக்குங்க.

பால்கனியில ஏர்கான் கம்ப்ரசர் ஊதுற திசையில நிக்குதான்னு பாருங்க, அந்த அனல்ல இலை ஓரம் சுருண்டு காயும். காரிடார் கழுவின மறுநாள் அடித்தட்டு இலையில மட்டும் பொசுங்குன புள்ளி இருந்தா சோப்பு, பிளீச் தெறிச்சிருக்கும், நல்ல தண்ணி ஊத்தி மண்ணக் கழுவி விடுங்க. இடம் பத்தலன்னு தொட்டிய நெருக்கி நெருக்கி அடுக்காதீங்க. காத்து போகாத இடத்துல பூசணமும் மாவுப்பூச்சியும் ஒன்னுல இருந்து ஒன்னுக்குத் தாவும், அதோட நடக்க 1.2 மீட்டர் வழி விட்டே ஆகணும். வெயிலுக்காக கைப்பிடிச் சுவர் மேல தொட்டிய வைக்கவே வைக்காதீங்க, கீழ ஆள் நடக்குது.

8. இப்பத்தான் உரம்

இதுவரைக்கும் எல்லாம் சரின்னு ஆனாத்தான் சத்துக் குறை பக்கம் வரணும். மூனாவது படியில எழுதுன நோட்ட எடுங்க.

அடி இலை நரம்பு உட்பட ஒரே சீரா வெளுத்து, செடியும் வளராம நின்னா தழைச்சத்துக் குறை. தினமும் தண்ணி ஊத்தற தொட்டியில இது கரைஞ்சு ஓடிடும். தழை, மணி, சாம்பல்னு மூனு சத்தும் இருக்கற என்பிகே உரத்த பாக்கெட்ல போட்ட அளவுல பாதி போட்டு ஆரம்பிங்க. மெதுவா கரையற குருணை உரம் மூனு மாசம் வரும்னு எழுதியிருந்தாலும் இந்த ஊரு சூட்டுல அதுக்கு முன்னாடியே கரைஞ்சிடும், அதையும் கணக்குல வச்சுக்குங்க.

அடி இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சள், காம்புப் பக்கம் மட்டும் பச்சையா ஆப்பு மாதிரி நிக்குதுன்னா மக்னீசியம். எப்சம் உப்பு ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மாசம் ஒரு தடவ. அடி இலையோட ஓரம் மட்டும் சுட்ட மாதிரி பழுப்பானா சாம்பல்சத்து. அரெக்கா பனையில பழைய ஓலையில ஆரஞ்சு மஞ்சள் புள்ளியா வர்றதும் பெரும்பாலும் இதுதான். அசிங்கமா இருக்குன்னு அந்த ஓலைய எல்லாம் வெட்டிடாதீங்க, செடி அதுல இருந்துதான் சத்த உருவிக்கிட்டு இருக்கு.

துளிர் எலுமிச்சை மஞ்சளா வந்து நரம்பு மட்டும் பச்சை வலை போட்ட மாதிரி தெரிஞ்சா இரும்பு. இட்லிப்பூவுக்கு (இக்சோரா) இது அடிக்கடி வரும், நானே ஒரு செடிய ஒரு வருஷம் இப்படி வதைச்சிருக்கேன். வாரா வாரம் முட்டை ஓட்ட மிக்சியில அரைச்சுப் போட்டேன், செடிக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்னதால. துளிர் வெளுக்க வெளுக்க இன்னும் போட்டேன். இட்லிப்பூ புளிப்பு மண் கேக்குற செடி. முட்டை ஓடு சுண்ணாம்பு. அது மண்ணோட புளிப்பக் கொறச்சு பிஎச்ச ஏத்த ஏத்த, மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுத்துக்க முடியாம போயிடுது. கடைசியில மேல் மண்ணக் கொஞ்சம் சுரண்டி எடுத்துட்டு, பீட் கலந்த புது மண் போட்டு, கீலேட் இரும்ப (வேர் சுலபமா எடுத்துக்கற மாதிரி செஞ்ச இரும்புச் சத்து) பாக்கெட்ல சொன்ன அளவுல கரைச்சு ஊத்தினேன். மூனு வாரத்துல வந்த துளிர் பச்சையா வந்துச்சு. பழைய மஞ்சள் இலை பச்சையாகல. அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

அரிசி கழுவுன தண்ணி, டீத்தூள், மோர் இதெல்லாம் தொட்டியில கொட்டறதும் வேணாம். தோட்டத்து மண்ணுல புழு பூச்சி தின்னு மக்க வைக்கும், தொட்டிக்குள்ள அது புளிச்சு, கொசு மாதிரி பொடி ஈதான் வரும். மக்க வச்சுட்டுப் போடுங்க.

உரம் கூடிப் போனதும் நிறத்த மாத்தும். தொட்டி விளிம்புல, மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கும், இலை நுனி பழுப்பாகும். உப்பு கூடுன மண்ணு வேருக்குத் தண்ணி தராது. தொட்டியோட கொள்ளளவப் போல ரெண்டு மூனு மடங்கு தண்ணிய மெதுவா ஊத்தி அடியில முழுசா வடிய விடுங்க. அஞ்சு லிட்டர் தொட்டின்னா 10ல இருந்து 15 லிட்டர். குளியலறையில செய்யுங்க, காரிடார்லயோ பால்கனியிலயோ செஞ்சா கீழ் வீட்டுத் துணி மேல ஒழுகும். டிரசீனாவுக்கு மட்டும் உப்பு இல்லாமலே நுனி கருகும், குழாய்த் தண்ணியில சேக்குற ஃப்ளோரைடு அதுக்கு ஒத்துக்காது, மழைத் தண்ணி புடிச்சு அன்னைக்கே ஊத்திடுங்க.

9. புள்ளி, துரு, தேமல்

வட்டமா பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சள் வளையம், மழைக்காலத்துல கூடுதுன்னா பெரும்பாலும் பூசணம். தண்ணியில ஊறுன மாதிரி ஈரமா, நரம்புக்குள்ள அடைபட்டு மூலை மூலையா இருந்தா பாக்டீரியாவா இருக்கலாம். ரெண்டுக்கும் முதல் வேலை ஒன்னுதான்: பாதிச்ச இலைய வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோல துடைச்சு, தண்ணிய இலை மேல ஊத்தாம மண்ணுல மட்டும், அதுவும் காலையில ஊத்தறது. ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா அது முளைக்க வழி செஞ்சு கொடுத்த மாதிரி.

ஃபிராஞ்சிபானி இலையோட அடியில ஆரஞ்சுப் பொடி, விரல்ல ஒட்டுதுன்னா துரு நோய். உதிந்த இலைய அன்னன்னைக்கு அள்ளுங்க, அந்தப் பொடிதான் காத்துல பரவி அடுத்த இலைக்குப் போகுது.

பச்சையும் மஞ்சளும் தேமல் மாதிரி கலந்து, இலை கோணி, துளிர் சுருங்கி, பூச்சி எதுவும் கிடைக்கலன்னா வைரஸ். மருந்து கிடையாது. இலைப்பேனும் சுருங்க வைக்கும்ங்கறதால ஆறாவது படிய இன்னொரு தடவ செஞ்சு உறுதிப்படுத்திக்கிட்டு அப்புறம் முடிவெடுங்க.

10. ஒன்னு மட்டும் மாத்திட்டுக் காத்திருங்க

காரணம்னு உங்களுக்குத் தோனுறதுல முதலாவத மட்டும் சரி செய்யுங்க, தேதி போட்டு எழுதுங்க. தண்ணிய நிறுத்தி, உரம் போட்டு, இடத்த மாத்தி, மருந்தும் அடிச்சா எது கை கொடுத்துச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியவே தெரியாது, அடுத்த தடவையும் நாலையும் செய்யணும்.

ரெண்டுல இருந்து மூனு வாரம் பொறுக்கணும். இலை ஒரு தடவ கருகுனா, புள்ளி விழுந்தா அது ஆறாது, முழுசா மஞ்சளானதும் திரும்பப் பச்சையாகறது அபூர்வம். அதனால பழைய இலையப் பாத்து "இன்னும் சரியாகல"ன்னு சொல்லக் கூடாது. புதுசா வர்ற துளிரப் பாருங்க. இன்னைக்கு இருக்கற நுனிக்குக் கீழ ஒரு நூல தளர்வா கட்டி விடுங்க. நூலுக்கு மேல வர்ற இலை நல்லா இருந்தா நீங்க கண்டுபிடிச்சது சரி. அதுலயும் அதே கோளாறு வந்தா மூனாவது படிக்குத் திரும்பிப் போங்க.

வைரஸ் வந்ததையும், வேர் முழுசா அழுகுனதையும் வச்சுக்கிட்டு மத்த செடிய இழக்காதீங்க. மனசு கேக்காதுதான், எனக்கும் கேக்காது. பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டி குப்பையில போடுங்க, அந்த மண்ண வேற தொட்டிக்கு எடுக்காதீங்க. தொட்டிய ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊற வச்சு, நல்லா அலசி, வெயில்ல காய விடுங்க. அதுல நட வாங்கிட்டு வர்ற புதுச் செடிய முதல் ரெண்டு வாரம் மத்ததோட சேக்காம காரிடார்ல அந்தக் கடைசியில தனியா வைங்க, சேக்கறதுக்கு முன்னாடி வெள்ளைத் தாள அடியில புடிச்சு ஒரு தட்டு தட்டிப் பாத்துடுங்க.